வெளிச்ச வள்ளல்

காரை வாங்கிய கையோடு ஃபாக் லைட்டை மாற்றிவிடும் அன்பரே, உங்களைப் புகழாமல் இருக்க முடியவில்லை. முல்லைக்குத் தேர் கொடுத்தான் பாரி என்று காலங்காலமாகப் பாராட்டுகிறோம். அவன் தேரை மட்டும்தான் கொடுத்தான், நடந்து போகும் பாதை அவனுக்கு மிச்சமிருந்தது. நீங்களோ உங்கள் பாதைக்கு வேண்டிய வெளிச்சத்தையே எடுத்து எதிரே வருகிறவன் கண்ணுக்குக் கொடுத்துவிட்டீர்கள். உங்கள் டயருக்கு முன்னால் இருக்கும் பள்ளம் இருட்டிலேயே கிடக்கிறது.

கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்தது கஞ்ச விளக்கு. பம்பரின் அடியில், தரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அதன் ஒளிக்கு மேற்பக்கம் நேர்கோடாக ஒரு விளிம்பு உண்டு. அதைத் தாண்டி மேலே எதுவும் போகாதபடிதான் அதைச் செய்திருக்கிறார்கள். இடமும் வலமும் அகலமாகப் பரவி, வெள்ளைக் கோட்டையும் சாலையின் ஓரத்தையும் சில மீட்டர் தூரம் காட்டும், அவ்வளவுதான். அடர்ந்த பனியில் வண்டி ஓட்டுகிறவருக்கு வேண்டியதும் அந்தச் சில மீட்டர்தான், அந்தத் தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் போகவும் கூடாது. எதிரே வருகிறவருக்கு அது ஒரு துளி வெளிச்சமும் தராது. இத்தனை கணக்குப் பார்க்கும் விளக்கை உங்கள் பெருந்தன்மை எப்படிப் பொறுக்கும்?

ஆகவே 35 வாட் ஹெச்8 பல்பைக் கழற்றிப் போட்டு, எல்.இ.டி. பல்பு வாங்கினீர்கள். பெட்டியில் 20,000 லுமன் என்று அச்சிட்டிருந்ததை அப்படியே நம்பினீர்கள். 55 வாட் ஹெச்11 ஹாலஜன் பல்புக்கே கணக்கு 1,350 லுமன்தான். இருபது முப்பது வாட் இழுக்கும் ஒரு சிப்பு அதைப்போல் பதினைந்து மடங்கு தரும் என்று ஏற்றுக்கொள்ள எவ்வளவு வெள்ளை மனம் வேண்டும்! அந்த மனத்தை விற்கிறவர் நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்.

பல்புக்குப் பின்னால் இருக்கும் ரிஃப்ளெக்டர் ஒரு மெல்லிய கம்பிச் சுருளுக்காக வளைத்துச் செய்யப்பட்டது. சுருள் எந்த இடத்தில் இருக்கும், எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்பதையெல்லாம் வைத்துத்தான் அந்த நேர்கோட்டு விளிம்பு பிறக்கிறது. சிப்பு ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும், அதன் ஒளி இரண்டு பக்கமும் தட்டையாகப் பாய்ந்தாலும் விளிம்பு கலைந்துவிடும். தரைக்குப் போக வேண்டிய ஒளி மேலே சிதறும். வள்ளல்தன்மை என்று நான் சொன்னது இதைத்தான். ஒளி கூடவில்லை, கை மாறியிருக்கிறது.

மலையில் உங்கள் கொடை இன்னும் துலங்குகிறது. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவிலோ, கொல்லிமலையின் 70 வளைவிலோ மேகம் சாலையில் இறங்கிவிட்ட நேரத்தில் அந்த விளக்கைப் போடுகிறீர்கள். மேலே சிதறிய ஒளி பனித்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வருகிறது. கண்ணாடிக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழுப்பினாற்போல் ஆகிவிடுகிறது. கொடுத்ததை யாரிடமும் திருப்பிக் கேட்காத உங்களுக்கு மூடுபனி மட்டும் உடனுக்குடன் திருப்பித் தருகிறது. பிரைட் லைட் போட்டாலும் இதேதான் நடக்கும் என்று மலைப்பாதை டிரைவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். அதனால்தான் அவர் டிம்மில் போகிறார். நீங்கள் கேட்காதது உங்கள் தன்னம்பிக்கையைக் காட்டுகிறது.

நிறத்தில் உங்களுக்கு இருக்கும் பிடிப்பும் பெரிது. நீலம் ஏறிய வெள்ளை வேண்டும், பெட்டியில் 6,500 கெல்வின் என்று இருக்க வேண்டும். உங்கள் நண்பரோ மஞ்சள் பனியைத் துளைக்கும் என்று அடித்துச் சொல்கிறார். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அது மஞ்சள், வெள்ளை என்று பேதம் பார்க்காமல் எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் சிதறடிக்கும். மஞ்சளுக்கு ஒரு நன்மை உண்டு. நீலம் குறைவதால் கண் கூசுவது குறைகிறது. பிரான்சில் 1993 வரை ஹெட்லைட்டையே மஞ்சளில் வைத்திருந்தார்கள். ஆனால் விளிம்பு கலைந்த விளக்கு எந்த நிறத்தில் எரிந்தாலும் கலைந்த விளக்குதான்.

வயரிங்கில் உங்கள் கருணையைச் சொல்லாமல் விட்டால் பாவம். உங்களில் சிலர் எல்.இ.டி.யோடு நிற்பதில்லை, 100 வாட் பல்பு இரண்டு போடுகிறீர்கள். 12 வோல்ட்டில் அது 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து தடித்த வயரைத் தனியாக இழுக்கச் சொன்னால் கூடுதல் செலவு. எனவே பழைய வயரையே சீவி, முறுக்கி, டேப் சுற்றியாயிற்று. பத்து ஆம்பியர் ஃபியூஸ் மறுநாளே எரிந்தது. அது பலமுறை உயிர் விடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் முப்பது ஆம்பியர் ஃபியூஸைச் செருகிவிட்டீர்கள். இனி அது எரியாது. அது காப்பாற்ற வேண்டியிருந்த வயர்தான் எரியும்.

உங்கள் கொடைக்கு இடமும் காலமும் இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த குணம். மே மாதத்து ஜி.எஸ்.டி. ரோட்டில், ஒரு துளிப் பனி இல்லாத இரவில், நான்கு விளக்கும் எரிய வருகிறீர்கள். எதிரே பைக்கில் வருகிறவருக்குக் கண் கூசி, தெளிவதற்குச் சில நொடிகள் ஆகும். வயதானவருக்கு இன்னும் அதிகம். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். அந்த மீட்டர்களை அவர் கண் தெரியாமல் ஓட்டுகிறார். சாலையைக் கடக்கும் பால்காரர், ரிஃப்ளெக்டர் இல்லாமல் ஓரத்தில் நிற்கும் கரும்பு டிராக்டர், ரோட்டில் படுத்த மாடு எல்லாம் அந்த நொடிகளுக்குள் வரலாம். நீங்கள் அதற்குள் அச்சிறுபாக்கம் தாண்டியிருப்பீர்கள். செய்த உதவியைத் திரும்பிப் பார்க்காத பெரியோர் வழி அது.

அரசும் உங்களை நினைவில் வைத்திருக்கிறது. விளக்கின் முன் 8 மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி 106 சொல்கிறது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று 2019 திருத்தம் இடம் கொடுக்கிறது. இந்தக் கௌரவத்தைப் பல வண்டிகள் இன்னும் வாங்காமல் ஓடுவது எனக்கு மனக்குறை.

இத்தனை புகழும் வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்கு வழி எளிது. பழைய பல்பு எந்த வகையோ அதே வகையில், அதே வாட்டில் நல்ல ஹாலஜன் வாங்குங்கள். எல்.இ.டி.தான் வேண்டுமென்றால், பல்பை மட்டும் மாற்றாமல் லென்ஸோடு ஃபாக் லைட்டாகவே செய்து அனுமதி பெற்ற முழு விளக்கைப் போடுங்கள். ரிலேயும் சரியான ஃபியூஸும் இல்லாமல் வயரைத் தொட விடாதீர்கள். பொருத்தியதும், சமதரையில் ஒரு சுவருக்கு 25 அடி முன்னால் வண்டியை நிறுத்துங்கள். ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் நடுமட்டத்துக்கு 4 அங்குலம் கீழே விழ வேண்டும். விழாவிட்டால் திருகைத் திருப்பி இறக்குங்கள். விளிம்பே தெரியாவிட்டால் அந்தப் பல்பைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பனி விலகியதும் அந்த ஸ்விட்சை அணைத்துவிடுங்கள்.