நெடுந்தீவில் ஒரு தகப்பன்

யாழ்ப்பாணத்து அரசாங்க ஆசிரியரின் சேவைக்காலத்தில், ஜாதகத்தில் சனி மாறுவதுபோல என்றேனும் ஒருநாள் வந்தே தீரும் ‘அதிகஷ்டப் பிரதேச’ இடமாற்றம் எனக்கு நெடுந்தீவின் ரூபத்தில் வந்து சேர்ந்தபோது, சக ஆசிரியர்கள் ஒருமுகமாகக் கூறிய யோசனை, குடும்பத்தை நகரத்திலேயே விட்டுவிட்டுத் திங்கட்கிழமை போய் வெள்ளிக்கிழமை திரும்ப வேண்டும் என்பதாகும். ஐந்து வயதில் ஒரு பையனும் மூன்று வயதில் ஒரு பெண்ணும் சதா சமர் புரிந்துகொண்டிருக்கும் வீட்டிலிருந்து விலகி, கடலுக்கு அப்பால் தன்னந்தனியே உறங்கி எழுவதில் உள்ள சௌகரியங்களை நானும் மனப்பூர்வமாக உணர்ந்தேன். ஆனால் என் மனைவி அதே சௌகரியங்களை எனக்கும் ஒரு நாழிகை முன்னதாகவே உணர்ந்துவிட்டபடியால், நாங்கள் குடும்ப சமேதராகப் புறப்படுவதென்று தீர்மானமாயிற்று.

பண்ணைப் பாலத்தைத் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறையில் பஸ் கொண்டுபோய் இறக்கிவிடும் ஜனங்களில் பெரும்பாலோர் நயினாதீவு நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கச் செல்பவர்கள். அவர்கள் கையில் அர்ச்சனைத் தட்டு. எங்கள் கையில் சுருட்டிய பாய், மண்ணெண்ணெய் அடுப்பு, பால்மா டின்கள். அவர்கள் சற்று நேரத்தில் அக்கரை சேர்ந்துவிடுவார்கள். நெடுந்தீவுக்கோ ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பிரயாணம். சோழகம் பெயர்ந்திருந்த காலமாதலால் படகு ஆடிய ஆட்டத்தில், என் மகள் காலையில் உண்ட இடியப்பத்தை எவ்விதப் பாரபட்சமுமின்றி அயலில் இருந்தோர் அனைவருக்கும் பகிர்ந்தளித்தாள்.

ஒல்லாந்தர் இத்தீவுகளைப் பிடித்தபோது வேலணைக்கு லெய்டன் என்றும், புங்குடுதீவுக்கு மிடில்பர்க் என்றும், நெடுந்தீவுக்கு டெல்ப்ட் என்றும் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். மற்றவை வழக்கொழிந்து போக, டெல்ப்ட் மாத்திரம் இன்றும் சர்க்கார்க் காகிதங்களில் ஜீவித்திருக்கிறது. ஊர் ஞாபகம் தாங்க முடியாமல் இட்ட பெயர்கள் என்பது என் அபிப்பிராயம். இரண்டு சிறு குழந்தைகளோடு வந்து இறங்கியிருந்தால், அந்தக் கனவான்களுக்குப் பெயர் வைக்க அவகாசமே கிடைத்திராது.

சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அத்தீவில் நான் முதலில் கண்டு கலங்கியது மதில்கள். சுண்ணாம்போ சீமெந்தோ இன்றி, முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே வளவுகளுக்கு வேலி செய்திருக்கிறார்கள். காற்று இடுக்குகள் வழியே புகுந்து போய்விடுவதால் கல் அசைவதில்லையாம். காற்றுக்கு உள்ள இந்த விவேகம் ஐந்து வயதுப் பையனுக்கு இல்லை. வந்த வாரமே அடுத்த வளவு மதிலின் அடிக்கல் ஒன்றை அவன் உருவிப் பார்க்க, இரண்டு முழ நீளத்துக்குக் கற்கள் சரிந்து விழுந்தன. நான் மன்னிப்புக் கேட்பதற்குரிய வாசகங்களைச் சேகரித்துக்கொண்டு சென்றபோது, வீட்டுக்கார ஆச்சி கற்களைத் திரும்ப அடுக்கியபடியே, “கல்லு விழுந்தா அடுக்கலாம் மாஸ்டர், பெடியன் விழுந்தா ஆர் அடுக்கிறது? அவனைப் பாத்துக்கொள்ளும்” என்றார்.

பிறகு குதிரைகள். போர்த்துக்கேயர் கொண்டுவந்து விட்டு, ஒல்லாந்தர் பெருக்கியவை என்று கூறப்படும் மட்டக்குதிரைகளின் வம்சம் இன்றும் வெளிகளில் கட்டற்றுத் திரிகிறது. அவற்றைக் குளிப்பாட்டுவது யார் என்று பையன் கேட்க, ஒருவருமில்லை என்று யோசியாமல் விடை கூறினேன். அன்று முதல் குளிக்க மறுப்பதற்கு அவனுக்குச் சரித்திரபூர்வமான ஓர் ஆதாரம் கிடைத்துவிட்டது. தாயாரிடம் முறையிடலாமென்றால், நல்ல தண்ணீருக்குச் சாராப்பிட்டிக் கிணறுகளை நம்பியிருக்கும் ஊரில், குளிக்க மறுக்கும் பிள்ளை அவளுக்குப் பெரும் உபகாரியாகத் தோன்றினான்.

ஆயினும் இவையெல்லாம் அற்ப விஷயங்கள். நகரத்தில் நான் ஒரு சுமாரான தகப்பனாக ஆட்சி நடத்தியதற்குப் பிள்ளைபிடிகாரனும் சந்திக் கடையும் பக்கபலமாக இருந்தார்கள் என்பதைத் தீவுக்கு வந்த பிறகுதான் உணர்ந்தேன். சோறு உண்ணாவிட்டால் முன்னவன் வருவான். உண்டால் பின்னதிலிருந்து ஏதாவது வரும். ஓர் இரவு பையன் முரண்டு பிடிக்கவே, குரலைத் தாழ்த்தி, பிள்ளைபிடிகாரன் வருகிறான் என்று அறிவித்தேன். அவன் சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, “எந்தப் படகில அப்பா?” என்று கேட்டான்.

பின்னேரப் படகில் இறங்கிய அத்தனை பேரையும் அவன் மாவலித்துறையில் நின்று கண்டிருக்கிறான். ஆஸ்பத்திரித் தாதி, தபால் பையோடு வந்தவர், சீமெந்து மூட்டையோடு வந்த மேசன், கோழிக்கூட்டை மடியில் வைத்திருந்த ஒரு கிழவர்: இவர்களில் எவர்மீதும் சந்தேகப்பட நியாயமில்லை. மறுநாட்காலைப் படகு வரும்வரை தீவில் அந்நியர் பிரவேசிக்க மார்க்கமில்லை என்று நிரூபித்துவிட்டு, மிச்சச் சோற்றைக் கோப்பையிலேயே விட்டு எழுந்து போனான். பரம்பரை பரம்பரையாகத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சோறூட்டிய ஒரு மகா புருஷன் இவ்வாறு பிரயாண வசதியின்மையால் ஒழிந்தான்.

சந்திக் கடையின் ஸ்தானத்தைப் பனாட்டும் புழுக்கொடியலும் பிடித்துக்கொண்டன. ஆனால் அவை ஆச்சி வீட்டில் கேளாமலே கிடைப்பவையாதலால், லஞ்சமாகக் கொடுக்கும் யோக்கியதை அவற்றுக்கு இல்லை. எனக்கு எஞ்சியது ஒரே உபாயம்தான்: பந்தா, பலூனா, ஐஸ்கிறீமா, எதைக் கேட்டாலும் “படகில வரேல்லை” என்று சொல்லிவிடலாம். சில காலம் இவ்வுபாயம் திவ்வியமாக நடந்தது. பிறகு ஒரு நாள், விளக்கணைத்து வெகு நேரமாகியும் படுக்கையில் உருண்டுகொண்டிருந்த மகளை உறங்கும்படி அதட்டியபோது, “நித்திரை இன்னும் படகில வரேல்லை” என்று பதில் வந்தது.

நகரத்தில் இத்தகைய நெருக்கடிகளில் ஒரு தகப்பன் செய்யக்கூடியது வெளியே போய்விடுவது. நூல்நிலையம் உண்டு, கோயில் வீதி உண்டு, கூட்டமென்று சொல்லிக்கொள்ள ஏதாவதொரு சங்கம் உண்டு. நெடுந்தீவிலோ, தென்கோடியில் உள்ள வெல்லைப் பக்கம் நான் சைக்கிளை மிதித்தால், மாஸ்டர் தனியே எங்கோ போகிறார் என்ற செய்தி நான் திரும்புமுன் வீட்டை எட்டிவிடும். ஆபிரிக்க தேசத்திலிருந்து வந்து வேரூன்றிய பெருக்கமரம் ஒன்று தீவில் நிற்கிறது. ஆள் புகுந்து நிற்கலாம் என்னுமளவுக்கு அதன் அடிமரத்தில் ஒரு பொந்து. புத்தகமும் கையுமாக அதை நாடிப் போனேன். உள்ளே என் மகன் அயல் வீட்டுப் பெடியளோடு அமர்ந்து மந்திராலோசனை நடத்திக்கொண்டிருந்தான். எனக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகவே, இத்தீவுக்கு இடமாற்றக் கடிதம் பெற்றிருக்கும் ஆசிரிய நண்பர்களே, தாராளமாகக் குடும்பத்தோடு வாருங்கள். காய்ச்சல் மருந்தையும் பால்மாவையும் கணக்குப் பாராமல் கட்டுங்கள். சோழகக் காலமானால் படகின் நடுவில் உட்காருங்கள். தண்ணீர் விஷயத்தில் மனைவியோடு தர்க்கிக்காதீர்கள். படகு நேரம் மாத்திரம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்.