இன்னா நைனா, கார்ட்டூன் ஏமாத்திருச்சா?

இன்னா கண்ணு, மூஞ்சி தொங்கிக்கினு கீது? ஓ, ஜப்பான் கார்ட்டூனா! கார்ட்டூன்னு சொன்னா கோவம் பொத்துக்கினு வரும் உனக்கு. சரி, அனிமே. மொத்தம் 26 பாகம். 25-ஆவத பாத்துட்டு, நட்டராத்திரில எந்திரிச்சுக் குந்திக்கினு நெட்டுல பத்துக்கு ஒண்ணரை மார்க்கு போட்டியாமே? உன் கணக்குப் பேப்பர திருத்துன வாத்தியாரே உனக்கு அதவிட ஜாஸ்தி போட்டாரேடா!

அப்படி இன்னாதான் ஆச்சு? எவாஞ்சலியன்னு ஒரு கதை. பதினாலு வயசுப் பையன ராட்சச மிசினுக்குள்ள குந்த வெச்சு சண்டைக்கு அனுப்புறாங்கோ. 24 பாகம் வரைக்கும் அடிதடி, ஒடசல். 25-ல திடீர்னு சண்டையே காணோம். ஆளாளுக்கு ஒரு நாற்காலியப் போட்டுக் குந்திக்கினு, நான் எதுக்குக் கீறேன், என்னை யாருக்குப் புடிக்கும்னு பொலம்பறாங்கோ. அட, ராயபுரம் டீக்கடைல தெனம் காலைல நடக்குறதுதானே அது? அதுக்குப் போய் இவ்ளோ பேஜாரா?

நீதான் மொத மொத ஏமாந்தவன்னு நெனச்சுக்கினியா? 1996 மார்ச் 20-ந் தேதி இந்தப் பாகம் ஜப்பான் டிவில வந்துச்சு. அடுத்த வாரமே கடேசி பாகம். அப்பவே கொதிச்சுப் பூட்டாங்கோ. டைரக்டரு ஹிதேயாகி அன்னோவுக்கு திட்டித் திட்டி கடுதாசி. கொன்னுருவோம்னு கூட எழுதுனாங்கோ. அந்தாளு லேசுப்பட்டவரா? 1997 ஜூலைல கடேசி ரெண்டு பாகத்தயும் வேற மாதிரி சினிமாவா எடுத்து வுட்டாரு. தனக்கு வந்த கடுதாசிங்களயே அந்தப் படத்துக்குள்ள பளிச்சுனு காட்டிட்டாரு! உதார் வுட்டவன் துட்டு குடுத்து டிக்கெட் வாங்கி, தன் கையெழுத்தயே தெரைல பாத்துட்டு வந்திருப்பான். சரி, அப்பவாச்சும் அடங்குனாங்களா? அந்தப் படத்துக்கும் சண்டை. 2019-ல நெட்பிளிக்ஸ்ல வந்துச்சு, நம்ம தெரு வரைக்கும் சண்டை வந்துருச்சு.

நம்மூரு மட்டும் இன்னா வாழுது? 1950-லேர்ந்து 1954 வரைக்கும் கல்கி பத்திரிகைல பொன்னியின் செல்வன் தொடர்கதையா வந்துச்சு. முடிஞ்சதும், இன்னா சார் பட்டுனு நிறுத்திட்டீங்க, அப்பால அவன் என்ன ஆனான், இவ என்ன ஆனான்னு வாசகருங்க கேட்டுத் தொளைச்சுட்டாங்கோ. கதைய எழுதுன கல்கி முடிவுரைன்னு தனியா எழுதி பதில் சொல்ல வேண்டியதாப் போச்சு. ஆனா அந்தக் காலத்துல ஒரு சவுரியம் கண்ணு. திட்டணும்னாலும் துட்டு குடுத்து கார்டு வாங்கணும். பேனாவுல மை இருக்கணும். தபால் பெட்டி வரைக்கும் வெயில்ல நடக்கணும். போற வழில பாதிப் பேருக்குக் கோவம் எறங்கிரும். உனக்கு அந்த நடையே இல்லியே, படுத்துக்கினே திட்டற!

1988-ல தூர்தர்ஷன் ராமாயணம் முடியப் போறப்போ வடக்க ஒரு கூத்து நடந்துச்சு. லவ-குச கதையயும் காட்டுன்னு துப்புரவுத் தொழிலாளிங்கோ தொடப்பத்தக் கீழ வெச்சுட்டாங்கோ. உத்தர ராமாயணம் வந்துச்சா இல்லியா? தொடப்பத்தக் கீழ வெச்சா ஊரு நாறும். நீ போனைக் கீழ வெச்சா யாருக்கு நஷ்டம்? வெச்சுத்தான் பாரேன்.

அப்பறம் இன்னாமோ ஸ்பாய்லராமே? முடிவச் சொல்லிட்டான்னு கூடப் படிக்கிறவன்கிட்ட பேச்சே இல்லியாம். பொன்னேரி பக்கம் பாரதக் கூத்து பாக்கப் போவோம். பதினெட்டாம் போர் ராத்திரி. விடிஞ்சா படுகளம், துரியோதனன் தொடை ஒடியும்னு கைக்கொழந்தைக்கும் தெரியும். அப்பவும் பனில துண்டப் போத்திக்கினு குந்திக்கினு கெடப்போம். நடுவுல கட்டியக்காரன் வந்து ராசாவையே கலாய்ப்பான். ஒருத்தன்கூட மார்க்கு போட்டதில்ல.

இத்தயெல்லாம் தூக்கி அடிக்கிற டமாசு ஒண்ணு கீது. அந்த 25-ஆவது பாகத்தத் தான் பாக்கறத ஒருத்தன் வீடியோ எடுத்து நெட்டுல போடறான். வாயப் பொளக்கறான், அழறான். அவன் அழறத நீ பாக்கற. நீயும் அழற. உன்னப் பாத்த உங்க ஆயா, புள்ளைக்குக் காத்து கருப்பு அடிச்சிருச்சுன்னு மொளகா எடுத்து சுத்தறா. மொளகா விக்கிற வெலைக்கு இது தேவையா?

உன் முதுகுக்குப் பின்னால குந்திக்கினு நானும் அந்த நாற்காலி பாகத்தப் பாத்தேன், தெரியுமா? பாஷை ஒரு எழவும் புரியல. அந்தப் பையன் மூஞ்சி மட்டும் நல்லாப் புரிஞ்சுது. ஸ்கூல்லேர்ந்து வந்து, சோறு வேணாம்னுட்டு, செவுத்தப் பாத்துக்கினு படுப்பியே, அதே மூஞ்சி. அதுக்காடா ஒண்ணரை மார்க்கு?

சரி, சார்ஜர எட்டிக் குடு. கடேசி பாகத்த இப்பவே போடு. விடிகாலைல காசிமேட்டு மீன் ஏலத்துக்கு நான் கெளம்பணும். அப்பால மார்க்கு நானும் போடுவேன்.