மைக் செட் மாமாவுக்கு, கோதன்பர்க்கிலிருந்து

கோதன்பர்க்,
டிசம்பர் மாதம், பிற்பகல் மூன்றரை மணி (இருட்டிவிட்டது)

அன்புள்ள மாமாவுக்கு,

போன வாரம் போனில் நீங்கள் கேட்ட கேள்விக்கு, சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. “பாஷை தெரியாத தட்டுல காசைக் கொட்டுறியாமே?” என்று நீங்கள் கேட்ட நேரத்தில் நான் ஒரு இசைத்தட்டை ஊதித் துடைத்துக்கொண்டிருந்தேன். கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு வாய் எப்படி வரும்? அதனால்தான் இந்தக் கடிதம். யார் போட்டுக்கொடுத்தது என்று எனக்குத் தெரியும். அவள் இப்போது அடுக்களையில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி தாளித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் இந்தப் பைத்தியத்துக்கு மூலவர் நீங்கள்தான். திருவிழாவில் விடிகாலை ஐந்து மணிக்குச் சீர்காழியாரின் பிள்ளையார் பாட்டைப் போட்டு ஊரையே எழுப்புவீர்களே, அப்போது உங்கள் ரிக்கார்டு பெட்டி மேல் உட்கார்ந்திருந்த பையன் நான். தட்டை டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்து, கீறல் மயிர்க்கோடா பள்ளமா என்று பார்க்கும் அந்தப் பார்வையை நான் உங்களிடம்தான் கற்றேன். அதை வைத்துத்தான் இங்கே பிழைக்கிறேன்.

இந்த ஸ்வீடன்காரர்கள் பழைய சாமான் விற்பதை லோப்பிஸ் என்பார்கள். தெள்ளுப்பூச்சிச் சந்தை என்று அர்த்தம். மே மாதம் மயூர்னா என்ற பேட்டையில் பெரிய லோப்பிஸ் நடக்கும். வீட்டுக்கு வீடு முற்றத்தில் மேசை போட்டு, தாத்தா காலத்து இஸ்திரிப் பெட்டியிலிருந்து பேரன் காலத்து ஸ்கேட்டிங் பூட்ஸ் வரை பரப்பிவிடுவார்கள். மேசைக்கு அடியில் ஒரு வாழைப்பழ அட்டைப்பெட்டி இருக்கும், அதில் தட்டுகள் இருக்கும். எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டு நடப்பார்கள், நான் மட்டும் முழங்காலில். கோயில் பிரகாரத்தில்கூட இத்தனை முறை நான் மண்டியிட்டதில்லை. ஒரு தட்டு இருபது குரோனா. பேரம் பேசினால் இந்த ஜனங்கள் கோபப்படாமல் வருத்தப்படுகிறார்கள். வருத்தப்பட்டால் நமக்குக் கஷ்டமாகிவிடுகிறது, கேட்டதைக் கொடுத்துவிடுகிறோம்.

பெட்டியில் என்ன இருக்கும்? பாதிக்கு மேல் ஜெபக்கூட்டத் தட்டுகள். 2000 வரை அரசாங்கச் சபையாக இருந்ததில் சேராத சின்னச் சின்னச் சபைகள் இங்கே ஏராளம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடகர் குழு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தட்டு. கைக்காசு போட்டுச் சில நூறு அச்சடித்து, கூட்டம் முடிந்ததும் வாசலில் விற்றுவிடுவார்கள். அட்டையில் ஒரே துணியில் தைத்த சட்டை, பாவாடையுடன் ஒரு குடும்பம் கிட்டாரோடு நிற்கும். தீபாவளிக்கு அப்பா ஒரே பீஸில் எங்கள் எல்லாருக்கும் எடுத்துக்கொடுப்பாரே, அச்சு அசல் அப்படியே. யாரும் தொடமாட்டார்கள். ஆனால் எழுபதுகளில் இந்தச் சபைப் பிள்ளைகளில் சிலர் பெரியவர்களுக்குத் தெரியாமல் டிரம்ஸையும் ஃபங்க் கிட்டாரையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். அப்படி ஒரு தட்டுக்காக வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. எந்த அட்டைக்குள் அது ஒளிந்திருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது, எல்லாக் குடும்பமும் ஒரே மாதிரிதான் சிரிக்கிறது.

மீதியில் பெரும்பங்கு டான்ஸ்பாண்ட். சனிக்கிழமை ராத்திரி ஜோடி ஜோடியாக ஆடுவதற்கென்றே வாசிக்கும் கோஷ்டிகள். நம் ஊர் மெல்லிசைக் குழு பளபளா கோட்டுப் போட்டு வருமே, அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். விக்கிங்கர்னா என்ற கோஷ்டி 1975-லிருந்து, கட்டிப்பிடிக்கத் தோன்றும் பாட்டுகள் என்று பெயர் வைத்து, ஒன்று இரண்டு என எண் போட்டு வெளியிட்டுக்கொண்டே போனது. எண் மாறும், கோட்டின் நிறம் மாறும், மற்றபடி ஆபத்து ஒன்றுமில்லை.

இப்போது மானம் போன கதை. போன வருஷம் பெட்டி அடியில் உறை இல்லாத ஒரு சின்னத் தட்டு கிடைத்தது. போட்டேன். இரண்டு வயோதிக ஆண்கள், ஆழ்ந்த குரல், இழவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்து பாடுவதுபோல ஒரு சோகம். அடடா, ஆறு மாதம் இருட்டில் கிடக்கும் ஜனங்களின் துயரம் இதுதான் என்று உருகிப்போனேன். இரண்டு வாரம் தினமும் கேட்டேன், ஆபீஸில்கூட அதைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். ஒருநாள் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுப் பெரியவர். துணி துவைக்கும் அறையின் முறைப்பட்டியலில் பேர் பார்த்ததோடு சரி, நாலு வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. சத்தம் அதிகம் என்று சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “சத்தம் பரவாயில்லை. ஆனால் அது நாற்பத்தைந்து. நீ முப்பத்துமூன்றில் ஓட்டுகிறாய். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன்” என்றார்.

வேகத்தை மாற்றினேன். இரண்டு சகோதரிகள், கிட்டார் அடித்துக்கொண்டு, வசந்தம் வந்துவிட்டது என்று துள்ளித் துள்ளிப் பாடுகிறார்கள்!

மாமா, மைக் செட்டுக்காரர் மருமகன் என்று வெளியே சொல்லாதீர்கள்.

அன்றிலிருந்து சிநேகம். வியாழக்கிழமை இந்த நாட்டில் பட்டாணி சூப்பும் பான்கேக்கும் சாப்பிடுவது வழக்கம். அதை முடித்துவிட்டு அவர் வீட்டில் தட்டுக் கேட்போம். அவர் ஒன்று போடுவார், நான் ஒன்று. ஒரு பக்கம் முழுசாக முடியும்வரை பேச்சு கிடையாது. முதல் நாள் பாதியில் “நல்லா இருக்கே” என்று சொல்லி, முள்ளைத் திரும்ப முதலிலிருந்து வைக்க வைத்துவிட்டேன்.

அவர்தான் பியானோக்காரர் யான் யோஹான்சன் தட்டைப் போட்டார். 1964. ஒரு பியானோ, ஒரு டபுள் பாஸ், வேறொன்றும் இல்லை. கிராமத்துப் பாட்டன் காலத்து மெட்டுகளை எடுத்து, ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு அடுத்ததற்கு யோசித்து யோசித்துப் போகிறார். கச்சேரியில் ஆலாபனைக்கு முன்னால் தம்புரா மட்டும் ஓடிக்கொண்டிருக்குமே, அந்த நேரம்தான் நினைவுக்கு வந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது, அதனால் அரிய தட்டு என்று சொல்ல முடியாது. ஆனால் கீறல் இல்லாமல் கிடைப்பது அரிது, அத்தனை கேட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பிப்பி என்ற குறும்புக்காரச் சிறுமியின் தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாட்டுக்கு இவர்தான் மெட்டுப் போட்டவர், இங்கே குழந்தைகளுக்கு அது மனப்பாடம். தொடர் வந்தது 1969-ல். அதற்கு முந்தைய நவம்பரிலேயே, கச்சேரிக்குப் போகும் வழியில் கார் விபத்தில் போய்விட்டார். முப்பத்தேழு வயது. பிள்ளைகள் இருவரும் ஹெவி மெட்டல் ஆட்கள். அப்பா விட்டுவைத்த நிசப்தத்தையெல்லாம் சேர்த்து வைத்து அடித்துத் தீர்த்துவிட்டார்கள்.

பெரியவர் வாலிபத்தில் இடதுசாரி. ப்ரொக் என்று ஒரு இயக்கம், பாட்டு வியாபாரமாகக் கூடாது என்பது கட்சி. அதில் ஒரு கோஷ்டிக்கு ‘மரம், புல், கற்கள்’ என்று பெயர். தரிசு நிலத்துக்குச் சிட்டா எடுத்தமாதிரி இல்லை? ஒரே தாளத்தை விடாமல் கால் மணி நேரம் வாசிப்பார்கள். 1974-ல் அப்பா கோஷ்டி (அப்பா இல்லை மாமா, ஆப்பா) யூரோவிஷன் போட்டியில் ஜெயித்ததால் மறுவருஷம் போட்டி ஸ்டாக்ஹோமுக்கு வந்தது. இந்த இயக்கத்தார் அதற்கு எதிராகத் தனியாக ஒரு விழாவே நடத்தினார்கள். பெரியவரும் போயிருக்கிறார். இவ்வளவையும் கேட்டுவிட்டு அலமாரியைத் துழாவினால், ஆப்பா தட்டு ஒன்று. “அது என் மனைவியுடையது” என்றார். அட்டை மூலையில் நீல மசியில் பேர் எழுதியிருந்தது, அவர் பேர். நான் பார்க்காதமாதிரி வைத்துவிட்டேன்.

பதிலுக்கு நான் போட்டது ‘விஷன்’, 1983. நம்ம எல். சங்கர் பத்துத் தந்தி இரட்டை வயலின். கூடவே நார்வேயின் யான் கர்பாரெக் சாக்ஸபோன், டென்மார்க்கின் பால்லெ மிக்கெல்போரி டிரம்பெட். ‘ஏழாவது மனிதன்’ எல். வைத்தியநாதனின் தம்பி என்றால் உங்களுக்குப் புரியும். பெரியவருக்குப் புரியவைக்க ஒரு பட்டாணி சூப் ஆறிப்போகிற நேரம் ஆனது. பக்கம் முடிந்ததும், “இன்னொரு தடவை” என்றார். அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அது.

பழைய எழுபத்தெட்டு வேகத் தட்டை இங்கே ஸ்தேன்காக்கா என்கிறார்கள். ஸ்தேன் என்றால் கல், காக்கா என்றால் கேக். “காக்கா சாப்பிடுகிறாயா?” என்று அவர் முதல் தடவை கேட்டபோது நான் பதறியது தனிக் கதை. அந்தத் தட்டு எதில் செய்தது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன்: அரக்கு. உலகத்துக்கே அரக்கு பெரும்பாலும் நம் நாட்டுக் காட்டு மரங்களிலிருந்துதான் கப்பலேறியது, இரண்டாம் உலக யுத்தத்தில் கப்பல் குறைந்ததும் பழைய தட்டுகளைச் சேகரித்து உருக்கும் நிலை வந்தது. உங்கள் பாட்டனார் பாட்டெல்லாம் எங்கள் அரக்குப் பூச்சி கக்கியதில்தான் எழுதியிருக்கிறது என்றேன். அவர் தட்டை இரண்டு கையாலும் வாங்கி, நீங்கள் பார்ப்பதுபோலவே, விளக்குக்குச் சாய்த்துப் பார்த்தார்.

அவரிடம் எழுபத்தெட்டு ஓடும் பெட்டி இருக்கிறது, முள்ளும் இருக்கிறது. நாதஸ்வரம் என்றால் என்னவென்று கேட்கிறார். வாயால் வாசித்துக் காட்டினேன், உதவவில்லை.

ஆகவே மாமா, பரணில் இருக்கும் பெட்டியைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடப்போவதாக அத்தை சொன்னதாகக் கேள்வி. தயவுசெய்து வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள், ஓட்டு வெயில் படாத பக்கமாக. ஜனவரியில் வருகிறேன். காருகுறிச்சியாரின் நாதஸ்வரத் தட்டு இன்னும் முழுசாக இருக்கிறதா என்று மட்டும் உடனே ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் அன்புள்ள மருமகன்