மதுரைத் தரிசனத்தில் வயிற்றின் ஸ்தானம்

மதுரைக்கு வருகிற யாத்திரிகன் கோயிலையும் மகாலையும் பார்ப்பதற்காக வருகிறான், நடுவே பசித்தால் சாப்பிடுகிறான் என்பது இதுகாறும் யாரும் ஆட்சேபியாமல் வழங்கிவரும் அபிப்பிராயம். உண்மை இதற்கு நேர்விரோதமானது என்றும், ஒரு வேளை ஆகாரத்துக்கும் மறு வேளை ஆகாரத்துக்கும் இடையே ஜீரணத்துக்கு வேண்டிய அவகாசத்தை அளிப்பதற்காகவே அந்நகரில் பார்க்கத்தக்கவை ஆங்காங்கே அமைந்திருக்கின்றன என்றும் ஸ்தாபிப்பதே இவ்வாராய்ச்சியின் நோக்கம். பிரத்யக்ஷம், அநுமானம், ஆப்தவாக்கியம் ஆகிய மூன்று பிரமாணங்களையும் கைக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது, ரயிலடியில் வண்டிக்காரர் சொன்னது.

முதலில் வீதிகள். கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதைச் சூழ ஆவணி மூல வீதி, அப்பால் மாசி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக ஊர் கிடக்கிறது. மாசி வீதியைத் தாண்டியதும் மாதக் கணக்குத் தவறி, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று மனிதர் பெயர்கள் நுழைகின்றன; 1840-ஐ ஒட்டிக் கலெக்டர் பிளாக்பர்ன் பழைய கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது அவ்வேலையை முன்னின்று நடத்தியவர்கள் அவ்விருவர். சாஸ்திரமறிந்தோர் இந்த அமைப்பைத் தாமரை என்பர். சாப்பிட்டு எழுந்தவன் எத்திசையில் நடந்தாலும் நான்கு மூலை திரும்பிப் பழைய இலைக்கே வந்து சேரும்படி போட்ட வீதிகளுக்கு வேறு காரணம் தேடுவானேன்?

கோட்டையை இடித்த அந்தக் கலெக்டரின் ஞாபகார்த்தமாக ஊரார் நட்ட விளக்குத்தூண் மாசி வீதி மூலையில் இன்றும் நிற்கிறது. சரித்திரக்காரர்களுக்கு அது நினைவுச் சின்னம். ஏனைய ஜனங்களுக்கு ஜிகர்தண்டாக் கடைக்கு அடையாளம். சுண்டக் காய்ச்சிய பால், கடற்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம் என்னும் இந்த வஸ்து பானவர்க்கமா, போஜ்யவர்க்கமா என்ற விவாதத்தில், தம்ளரின் மேற்பாதி கரண்டிக்கும் கீழ்ப்பாதி வாய்க்கும் உரியது என்பதே என் சித்தாந்தம். கரண்டி கேட்காமல் நேரே உறிஞ்சுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

இனிக் கோயில். உச்சிப்பொழுது கழிந்து நடை சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறக்கிறார்கள். ஊரில் எந்த அடுப்புக்கும் இவ்விதி இல்லை என்பதிலிருந்தே எது பிரதானம், எது அங்கம் என்பது விளங்கும். அரியநாத முதலியார் எழுப்பிய ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள தூண்கள் 985. எஞ்சிய 15-ஐப் பற்றி அறிஞர் பலவாறு கூறுவர். எண்ணியவர்கள் வெறும் வயிற்றுடன் எண்ணியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். தெப்பக்குளம் தோண்டுகையில் அகப்பட்டதாகச் சொல்லப்படும் பெரிய விநாயகருக்கு, ரூபத்தையோ வாகனத்தையோ கொண்டு பெயரிடாமல், சதுர்த்தியன்று 18 படி அரிசியில் செய்யும் கொழுக்கட்டையை வைத்து முக்குறுணிப் பிள்ளையார் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். இதற்குமேலும் பிரமாணம் கேட்பவர் நாஸ்திகர்.

1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதன் தூண்களின் பருமனைக் கண்டால் அக்காலத்து அரண்மனைப் பந்தியின் அளவு அநுமானத்தாலேயே சித்திக்கிறது.

நடுநிசி தாண்டியும் இட்டிலி ஆவி பறக்கும் தெருக்களைக் கடந்து, பருத்தி விதையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசி மாவும் வெல்லமும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சிய பருத்திப்பால் விற்கும் தள்ளுவண்டியை அடையும்போது, ஒரு பூர்வபக்ஷத்துக்கு விடை கூறவேண்டியதாகிறது. உடன்வந்த நண்பரொருவர், நல்ல ரசிகனாயிருப்பவன் சிற்பத்தில் ஆழ்ந்து பசியை மறப்பான் என்று புது மண்டபத்துத் தூணில் சாய்ந்துகொண்டு வாதித்தார். வண்டியருகில் அவ்வாதத்தை மீண்டும் தொடங்கச் சொன்னேன். தம்ளரை நீட்டி, இன்னும் கொஞ்சம் சுக்குப்பொடி போடச் சொன்னார். எதிர்க்கட்சி பதில் கூறவில்லை என்று குறித்துக்கொண்டு காசைக் கொடுத்தேன்.