மருதமலை அடிவாரத்தில் இருவருக்கு வேலை

கோயம்புத்தூருக்கு மேற்கே, வடவள்ளியிலிருந்து தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு சுற்று போய்வந்தால், மூத்தோர் குடியிருப்புகளின் பலகைகள் பாக்கு மரங்களுக்குப் போட்டியாக முளைத்திருப்பது தெரியும். காரணம் கேட்கவே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று, குழாயில் சிறுவாணித் தண்ணீர், அவசரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிகள். அறுபதைத் தாண்டியவருக்கு இதற்கு மேல் வேண்டியது ஞாயிற்றுக்கிழமை மகனிடமிருந்து ஒரு வீடியோ கால், அவ்வளவுதான். வினை ஆரம்பிப்பது அந்த மகனும் மருமகளும் லீவுக்கு வந்து தங்கும்போது. மூன்றாம் நாள் காலை, பால்கனியில் காபி டம்ளரோடு மலையைப் பார்த்தபடி ஒருவர் சொல்வார்: “பேசாம நாமளும் இங்கேயே வந்துட்டா என்ன?” வரலாம். ஆனால் ஓய்வு பெற்றவர்களை நம்பிப் பிழைக்கும் ஊரில் வேலை உண்டா என்று மட்டும் கேட்டால் போதாது. இருவருக்கும் உண்டா, கிடைத்த வேலை போனால் அடுத்தது அங்கேயே கிடைக்குமா என்ற கணக்கையும் போட்டுப் பார்த்த பிறகுதான் சாமான் ஏற்றும் லாரிக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

பென்ஷன்காரர்கள் ஊருக்குப் பணம் கொண்டுவருகிறார்கள் என்பதை மறுக்க முடியாது. பஞ்சாலை மூடினாலும் பங்குச்சந்தை படுத்தாலும் அந்தப் பணம் மாதா மாதம் வங்கிக்கு வந்துவிடும். அது எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமானால் காலை பத்து மணிக்கு ஏதாவதொரு மருந்துக்கடை முன்னால் நிற்க வேண்டும். சட்டைப் பையிலிருந்து காலி மாத்திரை அட்டையை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைப்பார் ஒருவர். “ஏனுங்க, மூணு மாசத்துக்கு மொத்தமா வாங்கினா எத்தன பர்சென்ட் குறைப்பீங்க?” ஓய்வூதியப் பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். பணம் மாத்திரைக்கும், மூட்டுக்கும், கை உதவிக்கும் போகிறது; அதிலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டுதான் போகிறது. ஆகவே கணவன் பிசியோதெரபிஸ்ட், மனைவி நர்ஸ் என்றால் யோசிக்காமல் புறப்படலாம். எலக்ட்ரீஷியனும் சமையல் தெரிந்தவரும் ஜோடியாக வந்தால் ஊரே வாசலில் வந்து வரவேற்கும். நவம்பர் மாதம் உயிர்வாழ் சான்றிதழுக்காகத் தேய்ந்துபோன கட்டைவிரலைத் துடைத்துத் துடைத்து மெஷினில் வைக்கும் கூட்டத்தைப் பார்த்தால், இ-சேவை மையம்கூட ஒரு சீசன் வியாபாரம்தான் என்று தோன்றும். ஒருவர் பிராண்டு மேனேஜர், இன்னொருவர் டேட்டா அனலிஸ்ட் என்றால்தான் தகராறு. எண்பது வயதுக்காரருக்குப் புது பிராண்டு எதையும் விற்க முடியாது. அவருடைய ஒரே டேட்டா சர்க்கரை அளவு, அதை அவரே டைரியில் எழுதிவிடுகிறார்.

தம்பதியில் ஒருவர் டீச்சர் என்றால் எங்கும் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 1960 ஜனவரி 1 அன்று டெல் வெப் என்ற கட்டுமான முதலாளி திறந்த சன் சிட்டியின் கதை அதற்குப் பதில் சொல்லும். மூத்தோருக்கென்றே எழுந்த அந்த ஊரில், பள்ளிக் கட்டடங்களுக்குக் கடன் வாங்கும் யோசனைகளை மக்கள் ஓட்டுப் போட்டுத் தோற்கடித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அந்த ஊரையே பள்ளி மாவட்டத்திலிருந்து பிரித்துவிட வேண்டியதாயிற்று. வடவள்ளி அந்த அளவுக்குப் போகவில்லை, பள்ளிகள் இருக்கின்றன. இருந்தாலும் குழந்தைகள் குறையக் குறைய டீச்சர், டியூஷன் மாஸ்டர், பாட்டு வாத்தியார், ஸ்கூல் வேன் டிரைவர் என்று ஒரு வரிசையே மெலிந்துகொண்டு போகும்.

கோயம்புத்தூரை ஏதோ முதியோர் இல்லம் மாதிரிப் பேசுகிறாயே, பம்ப்செட்டும் கிரைண்டரும் செய்கிற ஊரல்லவா என்று கோவைக்காரர்கள் சண்டைக்கு வரலாம். நியாயமான சண்டை. ஆனால் பீளமேடு, கணபதி, குறிச்சி சிட்கோ, டைடல் பார்க் என்று வேலை இருக்கும் இடங்களெல்லாம் ஊருக்கு அந்தப் பக்கம். மலைக்காற்று இந்தப் பக்கம். நடுவில் காந்திபுரமும் அதன் சிக்னல்களும். மேற்கே பல்கலைக்கழகங்கள் உண்டு என்பீர்கள். உண்மை. ஆனால் அங்கே அரசுப் பணியிடம் ஒன்று காலியாகி, அறிவிப்பு வந்து, நிரப்பப்படுவதற்குள் விண்ணப்பித்தவரே மூத்தோர் குடியிருப்பில் சேரும் தகுதியைப் பெற்றுவிடக்கூடும். தவிர, வேலைச் சந்தையின் ஆழம் தெரிவது வேலை போகும்போதுதான். சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியை விட்டுவிட்டுச் சாலையைக் கடந்தால் இன்னொரு கம்பெனி இருக்கும். தொண்டாமுத்தூரில் கடந்தால் பாக்குத் தோப்பு.

வீட்டிலிருந்தே வேலை செய்வோம் என்பது அடுத்த வாதம். இணையம் நன்றாகவே வரும்; ‘வாரத்துக்கு மூன்று நாள் ஆபீசுக்கு வரவும்’ என்ற மெயிலும் அதே வேகத்தில் வரும். 2023 முதல் வந்தே பாரத் ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் சென்னையில் கொண்டுபோய் விடுகிறது என்றாலும், அதை யாரும் ஆபீஸ் பஸ்ஸாக வைத்துக்கொள்ள முடியாது. சொந்தமாக ஒரு சிறுதானிய உணவகம் போடலாமே என்பார்கள். போடலாம். வாடிக்கையாளர்கள் பன்னிரண்டுக்குச் சாப்பிட்டு ஏழுக்கு அரை தோசை கேட்டு எட்டுக்குத் தூங்கிவிடுவார்கள். வாடகை மட்டும் விழித்தே இருக்கும். செலவு குறையுமே என்பதுதான் கடைசி அஸ்திரம். வாடகையில் மாதம் பத்தாயிரம் மிச்சமாகும் என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக வீட்டில் ஒருவர் ஐம்பதாயிரம் ரூபாய்ச் சம்பளத்தை விடுகிறார். பெரும்பாலும் அது மனைவியாக இருக்கும், ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்ற சமாதானத்தோடு. மிச்சம் பத்து, நஷ்டம் ஐம்பது. குடும்பமே சேர்ந்து இதைச் சிக்கனம் என்று பெயர் சொல்லி அழைக்கும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் குடியிருப்பின் மாடிப்படியில் ஏறிக் கதவுகளிலுள்ள பெயர்ப்பலகைகளைப் படித்தால் போதும். தலைமைப் பொறியாளர் (ஓய்வு), வங்கி மேலாளர் (ஓய்வு), பேராசிரியர் (ஓய்வு). நெய்வேலியிலும் மும்பையிலும் டெல்லியிலும் முப்பது வருஷம் கூட்டத்தில் இடிபட்டு, இருவர் சம்பாத்தியத்தையும் சேர்த்துவைத்து, அப்புறம்தான் மலையைப் பார்க்க வந்தவர்கள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த ஒரு சொல்லை அங்கே போய்ச் சம்பாதித்தவர் யாருமில்லை. எல்லாரும் வெளியூரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்கள். முப்பத்தைந்து வயதுத் தம்பதி காபியைக் குடித்துவிட்டு ஊருக்குத் திரும்பலாம். டம்ளரைக் கழுவி வைக்க மட்டும் மறக்க வேண்டாம். கை உதவிக்கு ஆள் கிடைப்பது அங்கே குதிரைக் கொம்பு.