ஹோப் ஊரில் நின்ற வீடுகள்

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரினா சூறாவளி அடித்தது. தடுப்புக் கரைகள் உடைந்து, நியூ ஓர்லியன்ஸ் நகரில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீருக்குள் போனது. வீடிழந்தவர்களுக்கு வீடு வேண்டுமே! ஃபீமா என்கிற அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை முகமை, லாரியில் இழுத்துப் போகக்கூடிய ஆயத்த வீடுகளை ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தது. அவற்றில் சுமார் 10,000 வீடுகள் ஆர்க்கன்சா மாநிலத்தில் ஹோப் என்ற ஊரின் விமான நிலையத்தில் வரிசைகட்டி நின்றன; நின்றுகொண்டே இருந்தன. ஹோப் என்றால் நம்பிக்கை. பெயர்ப் பொருத்தத்துக்குக் குறைவில்லை.

குறுக்கே நின்றது ஒரு விதி. வெள்ளம் வரக்கூடிய தாழ்நிலத்தில் இந்த வீடுகளை வைக்கக் கூடாதாம். வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்தவன் வேறெங்கே குடியிருந்திருப்பான், மலை உச்சியிலா?

ஐஸ் கட்டிகளின் யோகம் வேறு. தெற்கே வெக்கையில் தவித்தவர்களுக்காக வாங்கிய ஐஸ், லாரியேறி வடகோடி மேய்ன் மாநிலம்வரை ஊர் சுற்றியது. பனிக்குப் பஞ்சமில்லாத சீமை அது! மிச்சம் கிடங்கில் குளிரக் குளிரக் கிடந்து, 2007இல் உருக்கிக் கொட்டப்பட்டது.

டிரெய்லர் வீடு கிடைத்த புண்ணியவான்களுக்கோ கண் எரிந்தது, மூச்சு முட்டியது. சுவர்ப் பலகையிலிருந்து கசிந்தது ஃபார்மால்டிஹைடு. பிணம் கெடாமலிருக்கப் பயன்படுகிற அதே சரக்கு.

ஊர் மூழ்கினாலும், விதிப்புத்தகத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.