யாழ்தேவி போன பாதை

கேள்வி: பயணம் மனிதரை மாற்றும் என்கிறார்கள். அது யாழ்ப்பாணத்தவருக்கும் பொருந்துமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: எங்களுக்குப் பொருந்தாவிட்டால் வேறு யாருக்குப் பொருந்தும்? 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயில், கொழும்பில் வேலை பார்த்த எழுதுவினைஞருக்கு வீட்டை ஒரு பகல் தூரத்தில் வைத்திருந்தது. விடுமுறைக்கு வந்தவர் ஒடியலும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் கட்டிக்கொண்டு திரும்புவார். ஊரும் பிழைப்பும் ஒரே தண்டவாளத்தில் இருந்தன.

1990இல் போரால் ரயில் நின்றது. குடாநாட்டை வெளியோடு இணைத்த ஆனையிறவுப் பாதையும் அடைபட்டது. கிளாலிக் கடனீரேரியைச் சனம் இரவில் வள்ளத்தில் உயிரைப் பிடித்தபடி கடந்தது. பக்கத்துக் கிளிநொச்சியே வெளிநாடாகிவிட்டது! பிள்ளை பஸ் ஏறினால், "போய்ச் சேர்ந்திட்டன்" என்று சொல்லும்வரை தாய்க்கு இன்றும் நித்திரை வராததற்கு அந்த இரவுகளே காரணம்.

2014 ஒக்டோபரில் ரயில் யாழ்ப்பாண நிலையத்துக்குத் திரும்பியது. இடைப்பட்ட 24 வருடங்களில் இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதுவரை ரயில் ஒரு கதையாக மட்டுமே இருந்தது.

அடைத்த பாதை அச்சத்தை வளர்க்கும். திறந்த பாதை அறிமுகத்தை வளர்க்கும். ஆகவே பிள்ளைகளைக் காலிக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்புங்கள். அங்கிருந்து வருபவர்களை நெடுந்தீவுக்குக் கூட்டிப் போங்கள். அறிமுகமானவரை வெறுப்பது கடினம்.